மூன்று தண்ணீரில் கழுவிய மஸ்திக்கா

இந்த ஊரில் பழம் கல்லாக இருக்கிறது. பின்லாந்துக்கு வந்து மூன்று குளிர்காலம் போயும் எனக்கு அது பழகவில்லை. மகள் செல்வியின் ஃப்ரீசரைத் திறந்தால் பொட்டலம் பொட்டலமாக மஸ்திக்கா. பார்க்க நம் மணத்தக்காளிப் பழம் போல இருக்கும், ஆனால் நல்ல கருநீலம். கோடையில் காட்டுக்குப் போய்ப் பறித்து, இலையையும் தூசியையும் ஊதிவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாமல் உறைய வைத்துவிடுகிறார்கள். கிண்ணத்தில் கொட்டினால் கூழாங்கல் சத்தம். நாமெல்லாம் எதையும் வெயிலில் போட்டுக் காப்பாற்றுகிறவர்கள். இவர்களுக்கு வெயில் ஏது? பனியில் போட்டுக் காப்பாற்றுகிறார்கள்.

எதிர்வீட்டு ஐலாம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அந்தம்மா பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அந்தம்மாவுக்குத் தெரியாது. சிரித்தே காலம் ஓட்டுகிறோம். போன மார்ச்சில் அந்தம்மாவின் ஃப்ரீசர் கெட்டுப்போனது. ஒரே ஒரு மஸ்திக்காப் பொட்டலத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார்.

செல்விதான் சொன்னாள். “இது அவங்க வீட்டுக்காரர் கடைசியா பறிச்சதாம்மா. இது ஒண்ணுதான் மிச்சம். சனிக்கிழமை அவர் தவறிப்போன நாளு. அவருக்குப் புடிச்ச பீராக்கா பண்ணணுமாம். அதுவரைக்கும் நம்மகிட்ட இருக்கட்டுங்கறாங்க.”

“தெவசம்னு சொல்லு.”

“அப்படித்தான் வெச்சுக்கயேன்.”

பீராக்கா என்பது மாவைத் தட்டில் பரப்பி, மேலே பழத்தைத் தூவி, சூட்டடுப்பில் வைத்து எடுக்கிற பலகாரம். சனிக்கிழமை காலை செல்வி கடைக்குப் போயிருந்தாள். பதினோரு மணிக்கு ஐலாம்மா வந்து இங்கேயே செய்வதாக ஏற்பாடு. வருவதற்குள் நம்மால் ஆனதைச் செய்து வைப்போமே என்று பொட்டலத்தைப் பிரித்தேன். செத்துப்போன மனுஷனுக்குப் படைக்கிறதைக் கழுவாமல் அடுப்பில் ஏற்றலாமா? எங்கள் வீட்டில் தெவசத்து அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் களைவோம். பழத்தைச் சல்லடையில் கொட்டி, வெதுவெதுப்பான தண்ணீரைத் திறந்துவிட்டேன். முதல் தண்ணீர் நீலமாக ஓடியது. எத்தனை அழுக்கு என்று நினைத்தேன். இரண்டாம் தண்ணீரும் தெளியவில்லை. மூன்றாவதுக்கு விரலால் அலசித் தேய்த்தேன். கையை எடுத்துப் பார்த்தால் சல்லடையில் தோலும் சக்கையும்தான் கிடந்தன.

ஐலாம்மா வந்து நின்றார். சல்லடையைப் பார்த்தார். தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த நீலத்தைப் பார்த்தார். பின்னாலேயே வந்த செல்வி பையைக் கீழே போட்டாள்.

“அய்யோ, என்னம்மா பண்ணி வெச்சிருக்க! அதை ஐஸா இருக்கும்போதே மாவு மேல கொட்டி அடுப்புல வைக்கணும். கரைய விட்டாலே சாறு போயிடும், நீ அதைப் போட்டுக் கழுவியிருக்கியே!”

“கழுவாம எப்படிடி படைக்கிறது?” என்று எகிறப் பார்த்தேன்.

ஐலாம்மா என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏய் ஸே மிதான்” என்றார். பரவாயில்லை என்று அர்த்தமாம். அந்தச் சக்கையிலேயே சர்க்கரையும் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு மாவும் கலந்து பரப்பி, அடுப்பில் வைத்தார். வெளிறிப்போய் வந்தது பீராக்கா. முதல் துண்டை எனக்குத்தான் வெட்டிக் கொடுத்தார்.

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊரை நினைத்தேன். மயிலாடுதுறைக்குக் கிழக்கே எங்கள் வீட்டில், என் வீட்டுக்காரர் கடைசியாக அறுத்த சம்பாவில் ஒரு மரக்கால் விதைநெல்லைப் பானையில் வைத்திருந்தேன். அடுத்த பட்டத்துக்கு அதைத்தான் தெளிக்க வேண்டும் என்று இருந்தேன். அவருடைய முதல் தெவசத்துக்குச் சமைக்கிறேன் என்று என் ஓரகத்தி கமலா, கொழுந்தன் பெண்சாதி, அந்த நெல்லை எடுத்து அவித்துவிட்டாள். அவித்த நெல் முளைக்குமா?

“விதைநெல்லுன்னு தெரியாதுக்கா. வேலைய நாமளே முடிச்சிடுவோம்னுதான்...” என்று அழுதாள்.

“அவரு கை பட்ட நெல்லுடி அது. இனிமே என் மூஞ்சில முழிக்காத” என்றேன்.

பதினோரு வருஷம் பேசவில்லை. ஒரே கொல்லை, ஒரே வாய்க்கால். எதிரே வந்தால் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதை ஒரு கௌரவமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே புறப்பட்ட அன்றைக்கு, கறிவேப்பிலைப் பொடியை டப்பாவில் அடைத்துக்கொண்டு கார் பக்கத்தில் வந்து நின்றாள். “அக்கா, அங்க கெடைக்காதாம்” என்றாள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். போன ஐப்பசியில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போனில் சொன்னார்கள். நான் போகவில்லை.

ஐலாம்மாவுக்கு ஒரு நிமிஷத்தில் வாயில் வந்த வார்த்தை எனக்குப் பதினோரு வருஷத்தில் வரவில்லை. அதற்கு நம் பாஷையிலும் வார்த்தை இல்லாமலா போயிற்று?

இந்தக் கோடையில் ஐலாம்மாவோடு காட்டுக்குப் போய் நானே பறித்து வந்து உறைய வைத்திருக்கிறேன். பீராக்கா செய்யலாம் என்று ஒரு கை அள்ளினால், பழம் இருக்கிற கை தன்னால் குழாயடிக்குப் போகிறது. இன்னொரு கை அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஒன்று அந்த ஊர்க் கை, ஒன்று இந்த ஊர்க் கை. எதை விடுவது என்று நான் நிற்கிறேன். அதற்குள் உள்ளங்கையில் பழம் கரைந்து, முழங்கை வரைக்கும் நீலமாக வழிகிறது.