கோடி போகாத ஏரி

ஞாயிறு காலை ஆறரை மணி. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கணுக்காலளவு தண்ணீரில் சாப்பாட்டு மூட்டையோடு நின்றோம். எங்கள் பள்ளி ஆசிரியர்கள் எட்டுப் பேர். எண்பத்து மூன்றாம் வருடத்துக் கார்த்திகை மாதம். கிளம்புவதற்கு இது நான்காவது முயற்சி.

திட்டம் போட்டவர் கணக்கு வாத்தியார் கோவிந்தராசு. ஒலக்கூர்ப் பக்கம் அவருடைய மச்சான் ஏழுமலையின் ஊர். அங்கே ஒரு பெரிய ஏரி இருக்கிறதாம், அது கோடி போகும்போது பார்த்தால் குற்றாலத்தையே மறந்துவிடுவேனாம். திருநெல்வேலிக்காரியிடம் பேசுகிற பேச்சா இது! குளம் நிறைந்து வழிவதை நாங்கள் மறுகால் பாய்கிறது என்போம். இங்கே கோடி போகிறது என்கிறார்கள். வழிகிற கல்கட்டுக்கும் கோடி என்றே பெயர்.

மூன்று ஞாயிறுகள் நான் இட்லி அவித்து முடித்த பிறகு, ஏரி இன்னும் நிறையவில்லை என்று ஆள் வந்தது. மூன்றாம் முறை கோவிந்தராசு பொறுமையிழந்து, அடுத்த வாரமும் கோடி போகாவிட்டால் நாங்கள் செஞ்சிக்குப் போய்விடுவோம் என்று மச்சானுக்குச் சொல்லியனுப்பினார். மழைக்கே கெடு வைத்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஆனால் கெடு பலித்துவிட்டது. புதன்கிழமையே, கோடி போகிறது, வாருங்கள் என்று பதில் வந்தது.

திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பஸ்ஸின் கூரை என் தலைக்கு நேராக ஒழுகியது. குடையை விரித்தேன். "குடைய மடக்குங்க டீச்சர், பின்னாடி இருக்கறவங்களுக்குப் பேஜாரா கீது" என்றார் கண்டக்டர். டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு நனைய வேறு வேண்டுமா என்று கேட்டதற்கு அவர் விசில்தான் ஊதினார். கூட்டேரிப்பட்டில் வாங்கிய அவித்த மல்லாட்டை மட்டும் சூடாக இருந்தது. எங்கள் ஊரில் அது நிலக்கடலை.

திண்டிவனத்தில் டவுன் பஸ் மாறி, இறங்கி இரண்டு மைல் சேற்றில் நடந்தோம். என் செருப்பில் ஒன்று அந்த மண்ணிலேயே தங்கிவிட்டது. பதினொரு மணிக்கு ஏரிக்கரை ஏறினோம்.

பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. கருங்கற்களுக்கு நடுவே தண்ணீர் வெள்ளையாக இறங்கியது. கோவிந்தராசு கேமராவைத் திறந்தார். ஏழுமலை இளநீர் வெட்டிக்கொண்டு ஓடி ஓடி உபசரித்தார்.

கோடிக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் கன்னிமார் கற்கள் ஏழு இருந்தன. மஞ்சள் இல்லை, பூ இல்லை. பூசை கிடையாதா என்று ஏழுமலையிடம் கேட்டேன். அவர் இன்னொரு இளநீர் வெட்டப் போய்விட்டார்.

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. கையில் மண்வெட்டியோடு ஒரு பெண் கரையில் வேகமாக வந்துகொண்டிருந்தார். பெயர் அஞ்சலை. ஏரிப் பாசனத்தில் கடைசி மடை அவருடைய நிலம்.

"கன்னிமாருக்கு ஒரு கோடித்துணி சாத்தல, ஒரு தேங்கா ஒடைக்கல, ஏரி எப்படிடா கோடி போவும்?" என்று ஏழுமலையைக் கேட்டார்.

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. ஏரி தானாக நிறைந்து கோடி போனால் முதலில் கன்னிமாருக்குத்தான் பூசை நடக்குமாம். கோடிக் கற்களுக்கு நடுவே மண்ணும் வைக்கோலும் அடைத்து, கூடுதலாக ஒரு முழத் தண்ணீரைப் பிடித்து வைப்பது இந்த ஊர் வழக்கம். அந்த அடைப்பை ஏழுமலை எங்களுக்காகக் காலையில் பிடுங்கியிருக்கிறார்.

"மாமா சொல்லி அனுப்பிக்கினே இருந்தாருக்கா. விருந்தாளிங்களுக்கு என்னத்தக் காட்டறது? ரெண்டு மணி நேரந்தான், ஜல்தியா அடைச்சிரலாம்னு பார்த்தேன்" என்றார் அவர்.

"தை மாசம் என் பயிரு காயறப்ப அந்த ரெண்டு மணி நேரத்தத் திருப்பிக் குடுப்பியா?"

ஒழுகிய பஸ்ஸைத் திட்டலாம், சேற்றைத் திட்டலாம். விருந்தோம்பலை எப்படித் திட்டுவது? திட்டினேன். அதைவிட அதிகமாகக் கோவிந்தராசுவைத் திட்டினேன். அவர் அப்போதும் இன்னும் ஒரே ஒரு படம் என்றுதான் கெஞ்சினார். புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அஞ்சலை வெட்டிப்போட்ட மண்ணை வாங்கி வாங்கி அடைத்தேன். ஏழுமலையும் இறங்கினார். மற்றவர்கள் குடை பிடித்துக்கொண்டு புளியோதரை சாப்பிட்டார்கள்.

அருவி நின்றது. அஞ்சலை கையைக் கழுவிக்கொண்டு, "பார்த்தது போதுங்களா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

அதற்குப் பிறகு அந்த வருடம் அந்தப் பக்கம் சொல்லிக்கொள்கிற மாதிரி மழை இல்லை. ஏரி கோடி போகவே இல்லை. கடைசி மடைக்கு இரண்டு பாய்ச்சல் தண்ணீர் குறைந்து அஞ்சலையின் பயிரில் பாதி பதராகிவிட்டது என்று, மாசி மாதம் வந்த ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

எங்கள் ஊரில் மறுகால் பார்க்க யாரும் தேதி குறிப்பதில்லை. குளம் பாய்ந்தால் போவோம். பாயாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்போம்.

படம் மட்டும் நன்றாக வந்திருந்தது. கோவிந்தராசு அதைச் சட்டம் போட்டு ஆசிரியர் அறையில் மாட்டி, கீழே ஒரு தாளில் "ஏரி கோடி போகும் காட்சி" என்று எழுதி ஒட்டியிருந்தார். நான் சிவப்பு மையால் அடித்து, "ஏரியைக் கோடி போகவைத்த காட்சி" என்று திருத்தினேன். என்ன டீச்சர் இது என்று கேட்டார். நீங்கள் எழுதியது தன்வினை சார், நடந்தது பிறவினை என்றேன்.