இடது பக்கத்துக் காலடிகள்

பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்ததும் லோகேஸ்வரி ஆள்களைச் சுடத் தொடங்கிவிடுவாள். கைபேசியில்தான்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. சுங்கை ஆயர் தாவார் வட்டாரத்தில் பதினான்கு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறாள். இருட்டு விலகும் முன்பே கிளம்பி, தோட்டத்து லயங்களிலும் புது வீடமைப்புகளிலும் பதினொரு பிள்ளைகளை ஏற்றி, ஏழே காலுக்குத் தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்கிவிட்டால், பிறகு பகல் ஒரு மணி வரைக்கும் வேலை இல்லை. வீட்டுக்குப் போய்த் திரும்பலாம் என்றால் தூரம். அதனால் திடலோரத்து மரநிழலில் வேனை நிறுத்தி, சன்னல்களை இறக்கிவிட்டு, இருக்கையைச் சாய்த்துக்கொள்வாள்.

இந்த விளையாட்டைப் பழக்கிவிட்டவன் பேட்ரிக். அவனும் அதே பள்ளிக்கு வேன் ஓட்டுகிறவன். அவளைவிடப் பத்து வயது இளையவன். நூறு பேர் ஒரு தீவில் குதித்து, ஒருவரை ஒருவர் சுட்டு, கடைசியில் மிஞ்சுகிறவர்கள் ஜெயிக்கிற விளையாட்டு அது. நான்கு பேர் ஓர் அணி. லோகேஸ்வரி, பேட்ரிக், மலாய்ப்பள்ளிக்கு வேன் ஓட்டும் அண்ணன் தம்பி இருவர். ஆளுக்கொரு வேனில் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, ஒரே தீவில் சாவார்கள்.

லோகேஸ்வரி எல்லாருக்கும் முன்னால் சாவாள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவளுக்குப் பிடித்தது அந்த விளையாட்டின் பின்னணி இசை. சொல் இல்லாத வெறும் வாத்தியம்; தீவில் குதிக்கும்போது மெல்ல ஆரம்பித்து, எதிரி நெருங்க நெருங்க முரசும் வயலினுமாக ஏறி அடிக்கும். அதை முழுச் சத்தத்தில் வைத்துக்கொள்வாள். இரண்டு மூன்று வருடமாகவே அவள் காதுக்குள் சன்னமாக ஒரு சீழ்க்கை ஓயாமல் இருந்தது. பழைய வேன், பதினொரு பிள்ளைகளின் கூச்சல், காது சும்மா இருக்குமா என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டாள். இசை ஓடினால் சீழ்க்கை தெரியாது.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ஆட்டம் தொடங்கி நான்கு நிமிடத்தில் செத்துப்போனாள். பேட்ரிக் தன் வேனிலிருந்து இறங்கியே வந்துவிட்டான்.

“அக்கா, உங்க பக்கத்துலதான் ஓடி வந்தான் அவன்! காலடிச் சத்தம் கேக்கலயா?”

“எனக்கு ஒண்ணும் கேக்கலயே.”

“அந்த மியூசிக்கப் போட்டுக்கிட்டு விளையாடுனா எப்படிக்கா கேக்கும்? செட்டிங்ல போய் அடைச்சிடுங்கலா. காலடியக் கேட்டுத்தான் இதுல பொழைக்கணும். ரைட்ல நடந்தா ரைட் காதுல கேக்கும், லெஃப்ட்ல நடந்தா லெஃப்ட் காதுல கேக்கும். சத்தம் வர்ற பக்கம் திரும்பிச் சுட வேண்டியதுதான்.”

“பாட்டு இல்லாம என்னாடா விளையாட்டு? சப்புன்னு இருக்கும்.”

“ஒரு வாட்டி அடைச்சுப் பாருங்கக்கா. ஒரே வாட்டி.”

அவன் முகத்துக்காக இசையை அடைத்து நிறுத்தினாள். அடுத்த ஆட்டத்தில் தீவு வேறு இடமாக மாறிவிட்டது. காற்று வீசுவது கேட்டது. தன் ஆள் புல்லை மிதிப்பது கேட்டது. கூடவே அந்தச் சீழ்க்கையும், இத்தனை நாள் கேட்டதைவிடக் கூர்மையாக. ஓர் ஓட்டு வீட்டுக்குள் பதுங்கி உட்கார்ந்திருந்தபோது வலது காதில் தட் தட் என்று பலகையில் யாரோ நடந்தார்கள். திரும்பிச் சுட்டாள். விழுந்தான். அவளால் நம்ப முடியவில்லை. இன்னொருவன் வலப்பக்கத்துப் படிக்கட்டில் ஏறி வந்தான். அவனும் விழுந்தான். பக்கத்து வேனில் பேட்ரிக் கத்தியது இயர்போன் வழியாகவும் சன்னல் வழியாகவும் கேட்டது.

“போடுங்கக்கா! அடுத்தவன் லெஃப்ட்ல! லெஃப்ட்லக்கா, ஓடி வர்றான்!”

அவள் கவனித்துக் கேட்டாள். காற்று மட்டும் இருந்தது. அதற்குள் செத்துப்போனாள். அன்றைக்கு ஆடிய மூன்று ஆட்டத்திலும் இதே கதை. வலப்பக்கம் வந்தவனைச் சுட்டாள். இடப்பக்கம் வந்தவன் அவளைச் சுட்டான்.

“இயர்போன் கெட்டுப்போச்சுக்கா. ஒரு பக்கம் செத்துருச்சு” என்றான் பேட்ரிக்.

மாலையில் கடைத்தெருவில் புதிதாக ஒன்று வாங்கினாள். மறுநாள் காலையிலும் இடப்பக்கம் யாரும் நடக்கவில்லை. இதுவும் கெட்டது என்று எரிச்சலோடு பேட்ரிக்கிடம் நீட்டினாள். அவன் தன் காதில் மாட்டிப் பார்த்தான்.

“நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பக்கமும் கேக்குதே.”

அவள் வாங்கி, இடது காதுக்கு உரியதை வலது காதில் செருகினாள். வலதுக்கு உரியதை இடது காதில் செருகினாள். இப்போது தீவின் இடப்பக்கத்து மனிதர்கள் எல்லாரும் அவள் வலது காதுக்குள் ஓடினார்கள், இலையும் சருகும் நொறுங்க. வலப்பக்கம் காலியாகிவிட்டது. வலது காதில் இருந்ததைப் பிடுங்கிவிட்டு, இடது காதில் மட்டும் வைத்துக்கொண்டு சொன்னாள்.

“சத்தத்தக் கூட்டு தம்பி.”

பேட்ரிக் கூட்டினான்.

“இன்னும் கூட்டு.”

“ஃபுல்லா வச்சிட்டேன்க்கா.” அவன் சன்னலுக்கு வெளியே, ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவன் குரல் இறங்கிவிட்டது. “உங்க காதுல இருக்கிற சத்தம் எனக்கே இங்க கேக்குதுக்கா.”

அவளுக்குச் சீழ்க்கை மட்டும் கேட்டது.

லோகேஸ்வரி வலது காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினாள். கேட்டது. இடது காதுக்குப் பக்கத்தில் சொடுக்கினாள். கட்டைவிரல் வழுக்கி உள்ளங்கையில் மோதுவது தெரிந்தது. சத்தம் எங்கோ எட்ட இருந்து, வலப்பக்கமாக வந்தது. திரும்பத் திரும்பச் சொடுக்கிக்கொண்டே இருந்தாள். பேட்ரிக் அவள் கையைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது.

எப்போது போனது? எத்தனை நாளாக? போனை வலது காதில்தான் வைக்கிறாள். அது பழக்கம் என்று நினைத்திருந்தாள். கடையில் யாராவது கூப்பிட்டால் எந்தத் திசை என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். வயதாகிறது என்று நினைத்திருந்தாள். பிறகு, குளிர்ந்த தண்ணீரை யாரோ முதுகில் ஊற்றியதுபோல, டிஃபனி நினைவுக்கு வந்தாள்.

டிஃபனி இரண்டாம் வகுப்புப் பிள்ளை. எப்போதும் முன் இருக்கையில், ஓட்டுகிறவளுக்கு இடப்பக்கம் உட்காருவாள். ஜனவரியில் ஒரு நாள் வேனிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். “வாய் இல்லயா உனக்கு? நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்த மாட்டேனா?” என்று லோகேஸ்வரி கத்தினாள். “சொன்னேன் ஆண்ட்டி” என்றாள் பிள்ளை. “பொய் வேற சொல்றியா?” என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் கேட்டிருந்தாள்.

ஒரு மணிக்குப் பிள்ளைகள் ஓடி வந்து ஏறினார்கள். லோகேஸ்வரி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பிள்ளைகளோடு செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் பறக்கும் சாலையில், இடப்பக்கம் ஒன்றும் கேட்காமல், எத்தனை தடவை போய் வந்திருக்கிறாள்?

“இறங்குங்க எல்லாரும். பேட்ரிக் அங்கிள் வேன்ல போங்க” என்றாள்.

பேட்ரிக் உடனே தன் வேனைக் கிளப்பினான். இரண்டு நடையாக எல்லாரையும் கொண்டுபோய் விட்டான்.

வீட்டில் கணவன் சத்தியசீலனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். எதையும் சிரித்தே கேட்கிற சுபாவம். “நான் பேசறது உனக்கு எப்பத்தான் கேட்டிருக்கு?” என்றான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சற்று நேரம் கழித்து அவன் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். முகத்தில் சிரிப்பு இல்லை.

“என்னங்க?”

“லெஃப்ட் பக்கமா நின்னு மெதுவா உன் பேரச் சொன்னேன். மூணு வாட்டி” என்றான்.

மறுநாளே கிளினிக்குக்குப் போனார்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கும், இல்லாவிட்டால் வேன் சத்தம், வேறு என்ன என்று வழியெல்லாம் சத்தியசீலன்தான் பேசிக்கொண்டு வந்தான். மலாய்க்கார டாக்டர், சின்ன வயதுப் பெண். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். அழுக்கு இல்லை. “சத்தத்தால் கெடுவதென்றால் பெரும்பாலும் இரண்டு காதும் சேர்ந்து கெடும். ஒரு காது மட்டும் போயிருப்பதைச் சும்மா விடக்கூடாது” என்று சொல்லி, கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினாள். தலையை ஸ்கேன் எடுக்கவேண்டும் என்றாள். தலை என்ற சொல் கேட்டதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காதுக்குத்தானே வந்தோம்?

ஸ்கேனுக்கு ஏழு வாரம் காத்திருக்கவேண்டியிருந்தது. வேனை எடுக்கவில்லை. அவளுடைய பிள்ளைகளை வேறு வேன்கள் பங்குபோட்டுக்கொண்டன. வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதினால் போதும் என்று பேட்ரிக் சொன்னான். அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு வீடாகப் போய், வாசலில் நின்று, இதுதான் விஷயம் என்று சொன்னாள். சிலர் பாவப்பட்டார்கள். ஒரு தகப்பன், இத்தனை நாள் என் பிள்ளையை எந்த நம்பிக்கையில் உன்னிடம் அனுப்பினேன் என்று சத்தம் போட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதே கேள்வியைத்தான் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டிஃபனி வீட்டுக்குக் கடைசியாகப் போனாள். டிஃபனியின் அம்மா முரியல், நிறுத்தாமல் முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு அவ வீட்டுக்கு வந்து சொன்னா ஆண்ட்டி. நாலு வாட்டி கூப்பிட்டேன், ஆண்ட்டி திரும்பவே இல்லன்னு. நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்லயேன்னு...” முரியல் வாயைப் பொத்திக்கொண்டாள். “பொய் சொல்றான்னு நானும் அடிச்சிட்டேன்.”

டிஃபனி அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; கையில் பாதி தின்ற பிஸ்கட். லோகேஸ்வரி அவளுக்கு நேராகக் குனிந்தாள்.

“நீ சொன்னது நெசம்தாமா. ஆண்ட்டிக்குத்தான் கேக்கல. ஆண்ட்டி உன்னப் பொய்க்காரின்னு சொன்னது தப்பு.”

“எந்தக் காது?” என்றாள் டிஃபனி.

காட்டினாள். பிள்ளை பக்கத்தில் வந்து அந்தக் காதை உற்றுப் பார்த்தது. “நல்லாத்தான இருக்கு” என்றது.

கிள்ளானில் டாக்டர் படத்தை விளக்குத் திரையில் காட்டினார். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கவேண்டிய இடத்தில், ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக ஓர் உருண்டை. பட்டாணி அளவு. கேட்கும் நரம்பின்மேல் வளர்ந்திருக்கும் கட்டி என்றார். புற்றுநோய் இல்லை என்றார். அதை அவர் இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் சத்தியசீலனின் கை அவள் தோளில் இறங்கியது. போன கேட்கும் திறன் திரும்பாது. கட்டி சின்னது, ஆறு மாதம் விட்டு மறுபடியும் படம் எடுக்கலாம், வளர்ந்தால் வைத்தியம், வளராவிட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

“எப்படித் தெரிந்தது?” என்று அவர் எழுதிக்கொண்டே கேட்டார்.

“கேம் விளையாடும்போது மியூசிக்க அடைச்சேன் டாக்டர்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “கட்டி பெரிதாகி நடை தள்ளாடின பிறகு வருகிறவர்களைத்தான் அதிகமும் பார்த்திருக்கிறேன்” என்றார்.

சொந்தக் காரை ஓட்டலாம், ஒரு காது போதும் என்று அவர் சொன்னார். பிள்ளைகள் ஏறும் வேனுக்கு வேறு பரிசோதனை, வேறு படிவம். லோகேஸ்வரி அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கவில்லை. சத்தியசீலனின் தங்கை தனேஸ்வரி முன்பு தொழிற்சாலைப் பஸ் ஓட்டியவள். வேனை அவளிடம் கொடுத்தாள். இப்போது தனேஸ்வரி ஓட்டுகிறாள். லோகேஸ்வரி பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள். இரண்டு குடும்பங்கள் வரவில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

நவம்பரில் இரண்டாவது படம். அன்றைக்கு வரிசை நீளம். டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, அளவுகோலால் அளந்து, “அப்படியே இருக்கிறது” என்றார். வெளியே வந்ததும் சத்தியசீலன் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க, அந்தப் பெரிய ஆள், முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். இத்தனை மாதமும் அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திகைத்துப்போய் அவன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டே நின்றாள்.

கார் நிறுத்தத்தில் அவன் சாவியைப் பூட்டுக்குள் நுழைக்க மூன்று தடவை முயன்றான்.

“கொண்டாங்க” என்று சாவியை வாங்கிக்கொண்டாள். கிள்ளானிலிருந்து சுங்கை ஆயர் தாவார் வரைக்கும், கோல சிலாங்கூர் பாலத்தையும் சிகிஞ்சான் வயல்களையும் தாண்டி, அவள்தான் ஓட்டினாள். அவன் பின் இருக்கையில், அவளுக்குக் கேட்கும் வலப்பக்கமாக உட்கார்ந்து வந்தான்.