சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு சாண்

ஏரிக்கரை பம்பு நிலையத்தில் பத்தொன்பது வருடம் ஆபரேட்டராக இருந்த மனிதரை எல்லோரும் ‘கொக்கு’ என்றே கூப்பிட்டார்கள். ஆள் நெட்டை, போதாததற்கு, ஓய்வு நேரமெல்லாம் பைனாகுலரும் கையுமாகப் பறவை பார்ப்பவர். யாரிடமும் படித்ததில்லை. கால் நிறம், அலகின் நீளம், பறக்கும்போது எழும் குரல் என்று ஒவ்வொன்றாகத் தானே தெரிந்துகொண்டு டயரியில் எழுதிவைப்பார். துளி சந்தேகம் இருந்தாலும் எழுதமாட்டார்.

அந்த வருடம் ஏரி நடுவிலிருந்த நாணல் திட்டில் முதன்முறையாகச் செந்நாரைகள் கூடு கட்டின. பதினோரு கூடு. குஞ்சு பொரித்த அன்று வீட்டில் போய்ச் சொன்னார். “நம்ம பொண்ணு பிரசவத்துக்குக்கூட நீங்க இப்படி அலையல,” என்றாள் மனைவி.

அதே வாரம் கொசு உள்ளான்கள் வந்து இறங்கின. உள்ளங்கைக்குள் அடங்கும் பறவை. வடக்கே ஆயிரக்கணக்கான மைல் போகவேண்டும், அதற்குமுன் சேற்றைக் கிளறி வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஏரியிலோ தண்ணீர் கூடுதல், சேறே தெரியவில்லை. இருநூறு பறவைகள் கரைக்கல்லில் ஒடுங்கி நிற்பதை அவரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பம்பு நிலையச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. தண்ணீரை அதற்குக் கீழே இறக்கக்கூடாது. மோட்டார் காற்றை இழுத்துவிடாமலிருக்கப் போட்ட கோடு என்றுதான் அவர் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். அப்படியானால் மோட்டாரைக் கவனித்துக்கொண்டால் போயிற்று. சத்தம் மாறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு மூன்று நாள் ஓட்டி, கோட்டுக்குக் கீழே ஒரு சாண் இறக்கினார். பதிவேட்டில் மட்டும் கோட்டளவையே எழுதினார். சேறு வெளியே வந்தது. உள்ளான்கள் தலை நிமிராமல் தின்றன.

நான்காம் நாள் காலை அவை மொத்தமாக எழுந்து பறந்தன. நாணலுக்குள்ளிருந்து ஒரு நாய் வந்தது. வாயில் குஞ்சு. கரையைச் சுற்றி ஓடினார். திட்டின் பின்பக்கம், பம்பு நிலையத்திலிருந்து தெரியாத பக்கம், தண்ணீரே இல்லை. திட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கத்தான் அந்தக் கோடு என்று அப்போதுதான் தெரிந்தது. சேற்றின் குறுக்கே நாய்க்கால் தடங்கள், போகவும் வரவும்.

பதினோரு கூட்டையும் பார்த்தார். ஒன்றில் ஒரு குஞ்சுக்கு மூச்சிருந்தது. மதியத்துக்குள் அதுவும் அடங்கிவிட்டது. தண்ணீரைத் திரும்ப ஏற்றவும் வழியில்லை. அந்தப் பம்புக்கு வெளியே தள்ளத்தான் தெரியும்.

“நாய் பண்ணதுக்கு நீ என்ன பண்ணுவ? விடு கொக்கு,” என்றார் பம்பு நிலையக் காவலாளி.

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னார். “தண்ணிய எறக்குனது நான்தான்.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “மூணு நாளா பாட்டு முணுமுணுத்துக்கிட்டே சாப்பிட்டீங்களே. அதுக்குத்தானா?”

மறுநாள் பதிவேட்டில் மூன்று நாள் அளவையும் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டு, தானே கொண்டுபோய் எஞ்சினியர் மேஜையில் வைத்தார். அவரை ஜன்னல் இல்லாத கிடங்குக்கு மாற்றினார்கள்.

பம்பு நிலையத்தில் அவருக்குக் கடைசி நாளன்றும் குஞ்சுகளை இழந்த நாரைகள் இரை கொண்டுவந்து திட்டின்மேல் நின்றன. டயரியை எடுத்தார். ‘செந்நாரை. கூடு பதினொன்று, குஞ்சு இல்லை. தண்ணீர் ஒரு சாண் இறக்கினேன்.’ நாயைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை.