நல்ல பிள்ளையைத்தானே எடுப்பார்கள்

டெக்சாஸ் மாநிலத்துச் சுகர் லேண்டில் ராஜராணி என்று பெயர் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பிரணவனுடைய மாமி என்றால் கோயிலுக்கு வருகிற சனம் முழுவதும் கைகாட்டும். பிரணவனின் தகப்பன் ஞானேஸ்வரனுக்கு அவள் கூடப்பிறந்த தமக்கை. தமக்கை என்பது பேச்சுக்குத்தான். தாய் கண்ணை மூடியபோது ஞானேஸ்வரன் தவழ்கிற பிள்ளை. சோறு தீத்தி, முதுகு தேய்த்து, பள்ளிக்கூடம் அனுப்பி அவனை ஆளாக்கியது அவள்தான்.

கொடிகாமத்துச் செல்லத்துரையருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் ராஜராணி, கடைக்குட்டி ஞானேஸ்வரன். நடுவில் ஒருத்தி இருந்தாள், வசந்தாமணி. அவளுக்கு வலிப்பு. ராஜராணியைப் பெண் பார்க்க மீசாலையில் இருந்து தபால் கந்தோரில் உத்தியோகம் பார்த்த பொடியனின் ஆட்கள் வந்து, பலகாரத்தில் கை வைத்த நேரம் பார்த்து உள்ளறையில் வசந்தாமணி விழுந்தாள். செம்பு உருண்ட சத்தம் முற்றம் வரை கேட்டது. "பூனை" என்றார் செல்லத்துரையர். மாப்பிள்ளையின் பெரியதாய் எழுந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தாள். திரும்பி வந்து, கடித்த முறுக்கைத் தட்டிலேயே வைத்தாள். அதோடு சரி. அடுத்து வந்த சம்பந்தங்களும் அந்தக் கதவு வரைக்கும் வந்து திரும்பின. பிறகு சண்டை மூண்டு ஊரோடு எழும்பி நடந்தபோது, போய் ஒதுங்கிய பள்ளிக்கூடத்தில் வசந்தாமணி ஒரு காலை எழும்பவேயில்லை. அவள் தலையை மடியில் வைத்திருந்தவள் ராஜராணி. வலிப்பு எதில் கொண்டுபோய் முடிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நோய் வருத்தத்தை வெளியே காட்டுகிறவர்களுக்கு வாசல் திறக்காது. இது அவள் கண்ட பாடம். அமெரிக்காவுக்குத் தம்பி கூப்பிட்டு, நெடுங்காலம் காத்திருந்து, கொழும்பில் வைத்தியச் சோதனைக்குப் போனபோதும் முழங்கால் நோவை ஒருவருக்கும் சொல்லாமல், பட்டாளத்துக்காரன் மாதிரி விறைத்து நடந்து காட்டினாள். விசா கிடைத்தது. அப்படி நடந்ததால்தான் கிடைத்தது என்று இன்றைக்கும் நம்புகிறாள்.

அவள் டெக்சாஸ் வந்து சேர்ந்த அடுத்த வருடம் பிரணவன் பிறந்தான். தவழும் முன்பே அவனுக்கு அது வந்தது. வீட்டில் ஒருவரும் அதற்குப் பெயர் சொல்வதில்லை. 'அது' என்றுதான் பேச்சு. ஞானேஸ்வரனுக்கு எண்ணெய்க் கம்பெனியில் வேலை, விடிய ஃப்ரீவேயில் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவான். மனைவி நிருஜா ஒரு டாக்டரின் ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள். பகல் முழுவதும் பிள்ளை மாமியோடு. மருந்து மாற்றி மருந்து, சிரப் மாற்றி மாத்திரை. ஆறு வயதில் அவனுக்குச் சொல்லத் தெரிந்தது கொஞ்சச் சொல்தான். அதிலும் சில சொற்கள் போன வருடம் இருந்து இந்த வருடம் இல்லை.

இப்படி இருக்கையில்தான் ஹூஸ்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், எந்த மருந்துக்கும் கேட்காத பிள்ளைகளுக்கு ஒரு புது மருந்து கொடுத்துப் பார்க்க ஆய்வு தொடங்குகிறார்கள் என்று தெரியவந்தது. கடையில் வாங்க முடியாத மருந்து. ஆய்வில் சேர்ந்த பிள்ளைக்கு மட்டும்தான். இதை விட்டால் டாக்டர்களின் கையிலும் வேறு ஒன்றுமில்லை. "கொஞ்ச நாள் பிள்ளையைப் பாத்துப்போட்டுத்தான் எடுப்பினம் அக்கா" என்று ஞானேஸ்வரன் சொன்னான். மிச்சமெல்லாம் அவனும் நிருஜாவும் ஆங்கிலத்தில் வாசித்துக் கையெழுத்துப் போட்டார்கள். பார்த்துப்போட்டுத்தான் எடுப்பார்கள் என்ற அந்தச் சொல்லைத்தான் ராஜராணி பிடித்துக்கொண்டாள். பெண் எடுக்கிறவர்கள் பார்த்துப்போட்டுத்தான் எடுத்தார்கள். விசா கொடுக்கிறவர்களும் அப்படியே. நல்லதைத்தானே எடுப்பார்கள்? விழுந்து விழுந்து எழும்புகிற பிள்ளையை யார் கை நீட்டி எடுக்கப் போகிறார்கள்?

ஆய்வுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிற வேலை ஃபெமினாவுடையது. நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். பகலில் பிள்ளையோடு இருக்கிறவள் மாமிதான் என்பதால், வாரம் தவறாமல் ராஜராணிக்கே போன் வரும்.

"ஆன்ட்டி, ஃபெமினா பேசுறேன். சாப்டாச்சா?"

"சாப்பிட்டாச்சு பிள்ளை. நீர்?"

"எங்க ஆன்ட்டி, இங்க ஒரே ஓட்டம். நீங்க பேசுறது அப்படியே மலையாளம் கேக்குற மாதிரி இருக்கு."

"நீர் கதைக்கிறதுதான் எனக்கு மலையாளம்."

ஃபெமினா கலகலவென்று சிரித்தாள். "சரி, பிரணவ் எப்படி இருக்கான்? இந்த வீக் பகல்ல எத்தனை தடவை வந்துச்சு?"

பிரணவன் அப்போது சோபாவில் செத்தவன்போல் தூங்கிக்கொண்டிருந்தான். வந்து போய்ச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அவன் வாய் துடைத்த துவாய் ராஜராணியின் தோளில் ஈரமாகவே கிடந்தது.

"பெரிசா ஒண்டுமில்லை. ஒரு நாள் லேசா வந்தது. அவ்வளவுதான்."

"அப்படியா! தலை டக்குனு தொங்குமே, அது?"

"அது நித்திரை தூங்கி விழுறது. பிள்ளை நல்ல கெட்டிக்காரன். பாட்டெல்லாம் பாடுறான்."

"பாட்டெல்லாம் நான் எழுத முடியாது ஆன்ட்டி. வந்தது மட்டும் சொல்லுங்க. கூட்டாம குறைக்காம, நடந்ததை நடந்தபடி."

"நடந்ததைத்தானே சொல்லுறன்." கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: "பிள்ளை, எத்தனை எண்டால் எடுப்பினம்?"

"ஐயோ, அதை மட்டும் நான் சொல்லக் கூடாது. ரூல். சொன்னா எல்லாரும் அதுக்கு ஏத்த மாதிரி சொல்லிடுவாங்கல்ல?"

அந்தப் பதிலில் ராஜராணிக்குத் தன் கணக்கு சரிதான் என்று பட்டது. அடுத்த வாரம் இன்னும் குறைத்துச் சொன்னாள்.

நிருஜாவுக்கும் அதே கதைதான். வேலையால் வந்து செருப்பைக் கழற்றும் முன்பே அவள் கேட்பாள், "இண்டைக்கு வந்ததோ மச்சாள்?" மாமி சொல்வதைத்தான் அவள் அன்றன்றைக்கு ஆஸ்பத்திரிக்காரரின் போன் செயலியில் பதிவாள். "இல்லை, நல்லா விளையாடினவன்" என்று முதல் நாள் சொன்னபோது, நிருஜா வெகுநாளைக்குப் பிறகு கோப்பை நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அந்தச் சாப்பாட்டைப் பார்த்த பிறகு ராஜராணிக்கு நாக்குத் தடுமாறவில்லை.

"மச்சாள், அவனுக்குத் தன்ரபாட்டில குறையுது போல கிடக்கு" என்றாள் நிருஜா.

"நேற்று வரைக்கும் அந்தப் பாடு படுத்தினது. இப்ப என்னண்டு குறையும்?" என்றான் ஞானேஸ்வரன்.

"வளர வளரக் குறையும். நீ வாயை வைக்காதை" என்று ராஜராணி அவனை அடக்கினாள்.

இரவில் எப்போதாவது வந்ததை மட்டும் தாய் தகப்பன் கண்டார்கள். பகலில் வருவதை மாமியும் சுவரும் கண்டன. பல் தீட்டும்போது வரும். குளிக்க வார்க்கும்போது வரும். காலில் பலம் விட்டுச் சட்டென்று சரிவான். அவள் எங்கே நின்றாலும் தலை நிலத்தில் படும் முன்பு கை போய்விடும். தூங்கி எழும்பியதும் சீப்பால் தலை இழுத்து, சட்டை மாற்றி, பவுடர் போட்டு, நிருஜாவின் கார்ச் சத்தத்துக்கு ஆயத்தமாக இருத்திவைப்பாள். 'எடுபட்டுவிட்டால் மருந்து கிடைக்கும், மருந்து கிடைத்தால் இந்தப் பொய் எல்லாம் தானாக மெய்யாகிவிடும்' என்பது அவள் எண்ணம்.

முடிவு சொல்லுகிற நாள் வந்தது. நால்வருமாகப் போனார்கள். வெள்ளைக்கார டாக்டரம்மா சிரித்துக்கொண்டே பேசினாள். பிரணவனின் கன்னத்தைத் தட்டினாள். ஃபெமினா பக்கத்தில் நின்று தலையாட்டினாள். சிரிப்பைக் கண்ட ராஜராணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கார் ஃப்ரீவேயில் ஏறிய பிறகுதான் கேட்டாள்.

"என்னவாம் தம்பி? எடுத்திட்டினமோ?"

"இல்லையக்கா. காணாதாம்."

"என்ன காணாது?"

"அதுதான். வாறது போதாதாம். கூடுதலா வாற பிள்ளையளைத்தான் சேர்ப்பினம். இவனுக்குக் குறைஞ்சு போச்சு, நல்லதுதானே எண்டு சொல்லிச்சினம்."

முன் சீட்டில் இருந்த நிருஜா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் சிரித்தாள். "பிள்ளைக்குக் குறைஞ்சதுக்கு நாங்கள் அழுறதோ மச்சாள்? ஞானேஸ், ஹில்கிராஃப்ட் பக்கம் விடுங்கோ. இண்டைக்கு ஒருத்தரும் சமைக்கத் தேவையில்லை."

ராஜராணியின் கை பிரணவனின் தொடையில் இருந்தது. அதை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அடிக்கடி வருகிற பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்களாம். உலகத்தில் இப்படியும் ஒரு வாசல் உண்டா? அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். காரைத் திருப்பியிருக்கலாம். நிருஜா பின் கண்ணாடியில் மகனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல ராஜராணிக்கு வாய் வரவில்லை.

ஹில்கிராஃப்டில் மத்தியான நேரம், இந்தியச் சாப்பாட்டுக் கடை நிறைய ஆட்கள். மசாலா தோசையும் வடையும் வந்தன. நிருஜா ஒரு துண்டு பிய்த்து மகனுக்கு நீட்டினாள். அவன் அதைப் பார்த்த பார்வை அப்படியே நின்றுவிட்டது. தலை தொங்கியது. பிறகு உடம்பு முழுவதும் விறைத்து வெட்டத் தொடங்கியது. சாம்பார்க் கிண்ணம் கவிழ்ந்து ஓடியது. பக்கத்து மேசையில் ஒருவர் எழுந்து, "நைன் ஒன் ஒன்" என்று கத்தினார்.

ராஜராணி கத்தவில்லை. அவனைத் தூக்கிப் பக்கவாட்டில் மடியில் சரித்தாள். உள்ளங்கையைக் கன்னத்துக்குக் கீழ் கொடுத்தாள், மற்றக் கையால் கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். "இப்ப விடும்" என்றாள். விட்டது. "பொறுங்கோ, இன்னும் ஒண்டு இருக்கு" என்றாள். அதுவும் வந்தது.

நிருஜா மகனைப் பார்க்கவில்லை. மச்சாளின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ஒண்டு இருக்கெண்டு உங்களுக்கு என்னண்டு தெரியும்?"

ராஜராணி பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

"மச்சாள், ஒரு நாளைக்கு எத்தனை?"

"நிருஜா, பிள்ளையை முதல்..."

"எத்தனை?"

"எண்ணுறேல்லை" என்றாள் ராஜராணி. "எண்ணினால் மனம் விட்டுப்போகும்."

காரடியில் நின்றுகொண்டு ஞானேஸ்வரன் ஃபெமினாவுக்கு அடித்தான். அவன் நடந்ததைச் சொல்லி முடிக்கும் வரை அவள் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அண்ணா, இப்ப மாத்திச் சொன்னா அவங்க ஏத்துக்க மாட்டாங்க. திரும்ப முதல்ல இருந்து பாக்கலாம்னா, சேர்க்கை முடிஞ்சிடுச்சு. கடைசியா இருந்த இடம் வேற ஒரு பாப்பாவுக்குப் போயிடுச்சு அண்ணா. நான் அவங்க அம்மாவுக்கு இப்பதான் போன் பண்ணினேன்." பிறகு, "ஆன்ட்டிகிட்ட குடுங்க" என்றாள்.

"ஏன் ஆன்ட்டி?"

"நல்ல பிள்ளையைத்தானே எடுப்பினம் எண்டு நினைச்சன்."

"ஆன்ட்டி, நோயில்லாத குழந்தைக்கு எதுக்கு ஆன்ட்டி மருந்து?" என்று ஃபெமினா மெதுவாகக் கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் அழுதாள் போலிருந்தது.

நிருஜா ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால் ராஜராணிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ராஜராணி கதவுக்கு வெளியே நின்றாள். நின்ற நிலையில் சொல்லத் தொடங்கினாள்.

"நேற்றுக் குளிக்க வாக்கேக்க ஒண்டு. பால் குடிச்ச பிறகு ஒண்டு. முந்தநாள் காட்டூன் பாத்துக்கொண்டு இருக்கேக்க, பக்கத்தில நானும் கண்ணயர்ந்திட்டன், விழுந்து உதடு வெட்டினது. கட்டிலில இடிச்சதெண்டு உமக்குச் சொன்னன்."

"போதும் மச்சாள்" என்றது உள்ளேயிருந்து குரல்.

போதவில்லை அவளுக்கு. வாரக் கணக்கில் உள்ளே அடைத்து வைத்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கேட்க ஆள் இருந்த நாளெல்லாம் வராதது. ஞானேஸ்வரன் வந்து தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தும் வரை கதவுக்குச் சொல்லிக்கொண்டே நின்றாள்.

நிருஜா வேலையை விட்டுவிட்டாள். டாக்டர்கள் பழைய மருந்து ஒன்றைக் கூட்டிக் கொடுத்தார்கள். அதில் பிள்ளை பகலிலும் தூங்குகிறானே தவிர, அது நின்றபாடில்லை. வேறு ஆய்வு ஏதும் வந்தால் சொல்கிறேன் என்று ஃபெமினா சொல்லியிருந்தாள். பிறகு அவளும் கூப்பிடவில்லை, இவர்களும் கூப்பிடவில்லை.

ராஜராணியை ஒருவரும் போகச் சொல்லவில்லை. சமைக்கிறாள், துவைக்கிறாள், பிள்ளையின் சட்டைகளை மடித்து வைக்கிறாள். போன கிழமை சோபாவில் அவனுக்கு வந்தபோது அவள் அடுப்படியில் இருந்து ஓடிவந்தாள்.

"நான் பிடிக்கிறன்" என்றாள் நிருஜா.

"தலையை ஒருக்கா இந்தப் பக்கம்..."

"தெரியும்."

நிருஜாவின் பிடி இன்னும் சரியில்லை, கன்னம் கையை விட்டு நழுவியது. ராஜராணி நனைந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தாள். வெட்டு நின்றதும் பிரணவன் கண்ணைத் திறந்தான். தாயையும் பார்த்தான், மாமியையும் பார்த்தான். இருவரில் ஒருவரையும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.