முனியசாமி வெட்டாமல் விட்ட அரை ஏக்கர்

முனியசாமிக்கு நான் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கூலி பாக்கி வைத்திருந்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது? நாலாங்கிளாஸோடு நின்றவன் நான், ஜைனுதீன். அறந்தாங்கியிலே விறகு வண்டி தள்ளி ஆரம்பித்து, இன்றைக்கு ரெண்டு லாரி, மரக்கடை, முப்பது ஏக்கர். எவன் காசுக்கும் கடன்பட்டதில்லை. இந்த ஒரு பாக்கி மட்டும் வேண்டுமென்றே வைத்தது.

முனியசாமி மரம் வெட்டுகிறவர். ஐம்பது வயது, பேச்சு குறைவு. வாலிபத்திலே மலேசியா போய், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் போட ஆறு வருஷம் காடு அழித்தவர். என் மூணு ஏக்கர் புதர்க்காட்டை அழித்துத் தைலமரம் வைக்க அவரைத்தான் கூப்பிட்டேன். ரெண்டரை ஏக்கரைச் சுத்தமாக வெட்டினார். வீரை மரமும் காசா மரமும் பின்னிக்கிடந்த கடைசி அரை ஏக்கரிலே அரிவாளைக் கீழே போட்டுவிட்டார்.

"இதுக்குள்ள நெறைய உசுரு கெடக்கு பாய். நான் வெட்ட மாட்டேன்."

"யோவ், முப்பது வருஷமா எங்காடு. முயலைத் தவிர ஒண்ணும் கெடையாது. புலி வந்து ஒங்கிட்ட சொல்லிட்டுப் போச்சா?"

"மலேசியாவுலயும் இப்படித்தான் சொன்னாங்க. கடைசிப் புதரைத் தள்ளவும், பன்னி ஒடம்பு, தும்பிக்கை மாதிரி மூக்கு, ஒரு குட்டி ஓடியாந்து எங்காலுக்கிட்ட நின்னுச்சு பாய். அது பேருகூட எனக்குத் தெரியல. அங்கிட்டும் போக முடியல, இங்கிட்டும் போக முடியல அதுக்கு."

"கதையை லாரியில ஏத்த முடியாது. வெட்டினா காசு," என்றேன்.

ரெண்டு மாசம் போனது. அவர் சம்சாரம் சொர்ணம் கடைக்கே வந்துவிட்டது. "மகளுக்கு பீஸ் கட்டணும் பாய். அந்த மனுசன் வெட்ட மாட்டாரு, நீங்க குடுக்க மாட்டீங்க. நடுவுல நான் என்ன மரமா?"

மறுநாள் முனியசாமி இலக்கியா என்று ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். காட்டு மிருகங்களைப் பற்றிக் காலேஜில் ஆராய்ச்சி பண்ணுகிறதாம். "பதினஞ்சு நாள் கேமரா கட்டுவோம் பாய். ஒண்ணும் இல்லேன்னா நானே வெட்டித் தாரேன், கூலியே வேணாம்," என்றார் முனியசாமி.

ஓசி வேலை என்றால் விடுவேனா? சரி என்றேன்.

தரையோரம் ஒரு கேமரா, கிளை உயரத்திலே ஒன்று. பதினாறாம் நாள் கடையிலே லேப்டாப்பைத் திறந்தது அந்தப் பெண். மரநாய். முள்ளம்பன்றி. நரி. காட்டுப்பூனை, வாயிலே எலியோடு. கீரி, முயல். அடுத்த படத்திலே ஒரு வழுக்கைத் தலை.

"இது யாரும்மா?"

"நீங்கதான் ஐயா. காலைல அஞ்சே முக்கால்."

சுபுஹ் தொழுதுவிட்டு, முனியசாமி எதையாவது பிடித்துவந்து உள்ளே விடுகிறாரா என்று இருட்டோடு வேவு பார்க்கப் போனேன், அதுதான். என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்திலே, ரெண்டு பெரிய கண்கள். தேவாங்கு! வயிற்றிலே குட்டியைக் கட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறது. ஒல்லியாக இருப்பவனையெல்லாம் தேவாங்கு என்று வைதே வளர்ந்தவன் நான். தேவாங்கை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

கீழ்க் கேமராவிலே, மூணு நிமிஷம் கழித்து, என் செருப்புத் தடத்திலேயே எறும்புத்தின்னி ஒன்று நடந்து போகிறது. முப்பது வருஷம்!

"எத்தனைம்மா ஆச்சு?"

"எட்டு வகை ஐயா."

"பாயையும் சேத்து ஒம்பது," என்றார் முனியசாமி.

நான் கல்லாவைத் திறந்தேன். அவர் கையை நீட்டினார். ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன். லட்சத்தையே பார்க்காமல் எண்ணுகிற விரல் இது. நடுவிலே ரெண்டு தரம் கணக்குத் தப்பி, முதலிலிருந்து எண்ணினேன். பதினேழு.