பத்து லட்சத்துக்குப் பதினேழு குறைவு

விடியற்காலையில் கரைக்கு வந்திருக்க வேண்டிய விசைப்படகு எட்டு மணியாகியும் வரவில்லை. என் வீட்டுக்காரர்தான் அதில் டிரைவர். ஜெகதாப்பட்டினத்தில் படகு தாமதமானால் யாரும் முதலில் புயலை நினைப்பதில்லை. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கை நேவி பிடித்துப் போயிருக்குமோ என்றுதான் நினைப்போம். பள்ளிக்குக் கிளம்பியவள் பையைக் கீழே வைத்துவிட்டேன்.

நாத்தனார் ஒன்றில் வெள்ளைப்பூ, ஒன்றில் சிவப்புப்பூ வைத்து இரண்டு பொட்டலம் மடித்துக்கொண்டு வந்தாள். "அண்ணி, கோயில்ல பூக்கட்டிப் பாப்பம். வெள்ளப்பூ வந்தா அண்ணன் வந்துரும்."

"செவப்பு வந்தா?"

"வாயக் கழுவுங்க!"

நான் கடலில்லாத அரிமளத்துக்காரி, கணக்கு டீச்சர். சிவப்பு வந்தால் தாங்கமாட்டேன் என்று அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. "பூவெல்லாம் வேணாம். போன் கால்குலேட்டர்ல ஆறு நம்பர அமுக்கு. எதாலயாவது மீதியில்லாம வகுபட்டுச்சுன்னா வந்துருவாரு" என்றேன். எனக்கென்ன தைரியம் என்றால், முக்கால்வாசி எண்கள் எதனாலாவது வகுபட்டுவிடும். பகா எண் எப்போதாவதுதான் வந்து மாட்டும்.

அவள் விரல் ஒன்பதிலேயே குத்திக்கொண்டிருந்தது. அப்புறம் எட்டு, மூன்று. 999983.

மூன்றால் வகுத்தேன், இரண்டு மீதி. ஏழால் வகுத்தேன், ஐந்து மீதி. பதினொன்று, பதின்மூன்று, ஊஹூம். ஆயிரம் வரை பார்த்தால் போதும். ஆயிரத்துக்கு மேல் ஒரு காரணி இருந்தால் அதன் ஜோடி ஆயிரத்துக்குள் இருந்தே தீரும். இதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! இப்போது அந்த ஆயிரம் நெருங்க நெருங்க ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தேன். ஐந்நூறு தாண்டியது. வயர்லெஸ்ஸில் பதில் இல்லை என்று ஐஸ் பிளான்ட்டிலிருந்து ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். எண்ணூறும் தாண்டியது. பாவி, போயும் போயும் இந்த எண்ணா கிடைத்தது? கடைசியில் வகுத்துப் பார்க்கப் பாக்கியிருந்தது 997 ஒன்றுதான். எண்ணில் எட்டே எட்டு கூட இருந்திருந்தால் மீதியில்லாமல் போயிருக்கும். இல்லையே. என் கணக்குத் தப்பாக இருக்கட்டும் ஆத்தா என்று பிறந்ததிலிருந்து முதல்முறையாக வேண்டிக்கொண்டேன்.

மத்தியானம் வந்து சேர்ந்தார். இஞ்சின் கோளாறு, வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்ததாம். அழுது ஓய்ந்தபின் விஷயத்தைச் சொன்னேன்.

"கூறுகெட்டவளே, ரெட்டப்படையா ஒன்ன அமுக்கச் சொல்லியிருந்தா ரெண்டாலயே முடிஞ்சிருக்கும்ல!" என்று சிரித்தார்.

அவர் சிரிக்கலாம். நேற்று மறுபடியும் கடலுக்குப் போயிருக்கிறார். இன்று காலை நாத்தனார் வேறு எண் அமுக்க வந்தபோது போனைப் பிடுங்கிக்கொண்டேன். எனக்கு அந்தப் பழைய எண்தான் வேண்டும். அது வகுபடாத அன்றுதானே அவர் வந்தார். ஒருமுறை பகா எண் என்றால் என்றைக்கும் பகா எண்தான், கடலே வற்றினாலும் மாறாது என்று வகுப்பில் அடித்துச் சொல்கிறவள் நான். அப்படியும் மூன்றிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது 991 முடிந்துவிட்டது. இன்னும் படகு வரவில்லை. அடுத்தது 997. இன்றைக்கென்று பார்த்து வகுபட்டுத் தொலைத்துவிடுமோ என்று அமுக்கப் பயமாக இருக்கிறது.