உடைந்த விரலோடு ஆடிய மேட்ச்

பதினோரு வருஷம் புதுச்சேரி அணியின் விக்கெட் கீப்பராக இருந்தேன். டிவியில் பார்த்தவர்கள் என் கை நல்ல கை என்பார்கள். கிட்டே பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பத்தில் ஒரு விரலும் நேராக இல்லை. வலது மோதிர விரலை மடக்கவே முடியாது. அது உடைந்த கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு மேட்சுக்கு முந்தின நாள் பயிற்சியில் பந்து அந்த விரல் நுனியில் பட்டது. சத்தத்திலேயே உடைந்துவிட்டது என்று தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அணியில் இன்னொரு கீப்பர் காத்துக்கொண்டிருந்தான். பேட்ஸ்மேன் ஒரு மேட்ச் உட்கார்ந்தால் திரும்பி வந்துவிடலாம். கீப்பருக்கு இருப்பது ஒரே இடம். எனக்கு முன்னால் இருந்தவருக்குக் கால் பிசகியபோதுதான் எனக்கே அந்த இடம் கிடைத்தது. அவர் திரும்பி வரவேயில்லை.

அதனால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மறுநாள் பஸ்ஸிலேயே கிளவுஸைப் போட்டுவிட்டேன். "இன்னா, கிளவுஸோடயே தூங்கினியா?" என்று கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் ஆஃப் ஸ்பின்னர் அரியாங்குப்பத்துக்காரன். பதினாறு வயதிலிருந்து இருவரும் சேர்ந்தே ஆடியவர்கள். அவனுடைய விக்கெட்டில் பாதி ஒரே பந்தில் வந்தது. திரும்பாமல், திடீரென்று வேகமாக நேரே வரும் பந்து. அதைப் போடுமுன் சட்டைக் காலரை ஒருமுறை இழுத்துவிடுவான். அது எனக்கு மட்டுமான சைகை. அந்த மேட்சில் விக்கெட் எடுக்காவிட்டால் அடுத்த வெளியூர்ப் பயணத்துக்கு அவன் பெயர் இருக்காது என்று தேர்வாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

அன்று மதியம் முழுக்க அவன் காலரைத் தொடவில்லை. மெதுவாகவே போட்டான். அடித்தார்கள். இன்னும் மெதுவாகப் போட்டான். ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து நான் கத்திக்கொண்டே இருந்தேன். கீப்பருக்கு வாய் சும்மா இருக்காது, எனக்குக் கொஞ்சம் அதிகம். தேநீர் இடைவேளையில் அவனைப் பிடித்து, "கை நடுங்குதாடா உனக்கு? தைரியமில்லன்னா எதுக்குடா வந்த?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவன் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பந்து போடப் போனான். ஒரு விக்கெட்கூட விழவில்லை.

அதோடு அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுபடி கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் நான், "நல்ல பவுலர்தான், பயந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விரலுக்கு ஏதோ வைத்தியம் பார்த்துக்கொண்டு இன்னும் ஐந்து வருஷம் ஆடினேன். அவன் ஊரிலேயே எலெக்ட்ரிக்கல் கடை வைத்தான். எங்களுக்குள் பழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை.

போன மாதம் விரல் வீங்கி, பைக் ஓட்ட முடியவில்லை. அவன்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பழைய முறிவு. எப்ப ஆச்சு?" என்றார். ஞாபகமில்லை என்று மழுப்பினேன்.

"எனக்கு ஞாபகம் இருக்கு சார்" என்று அவன் வருஷத்தைச் சொன்னான். அது எந்த மேட்ச் என்றும் சொன்னான்.

வெளியே வந்ததும் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மொத ஓவர்லயே தெரிஞ்சிபோச்சு. பந்த புடிச்சதும் உன் மூஞ்சி வெளுத்துடுச்சி. நான் அந்த வேகப் பந்த போட்டிருந்தா உன் கையே போயிருக்கும்."

"அப்ப கேப்டன்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா உன்ன உக்கார வெச்சிருப்பாங்க."

மருந்துக் கடை வரிசையில் போய் நின்றோம்.

"நீ பயந்துட்டன்னு ஊர் பூரா சொல்லிட்டிருந்தேன்டா" என்றேன்.

"தெரியும்" என்றான்.